மாரிஸ் மைனருக்கு அப்ரூவல்

திருப்பூரில் எந்தப் பொருளும் முதலில் சாம்பிளாகத்தான் பிறக்கும். சட்டையோ டிராயரோ குழந்தைக் குல்லாவோ, ஒன்று செய்து கடல் கடந்து அனுப்ப வேண்டும். அங்கே யாரோ ஒருவர் அதை இழுத்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து அனுப்புவார். அதற்கப்புறம் அந்தச் சாம்பிள்தான் சாமி. அதில் காலர் கோணலாக இருந்தால் லட்சம் பீஸிலும் காலர் கோணலாகவே இருக்கும். ஏன் கோணல் என்று கேட்கிறவன் தொழில் தெரியாதவன்.

வாங்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு, ஊர் வழக்கில் பையர்களுக்கு, மாலை போடுவதற்கென்றே அந்த ஊரில் அயல்நாட்டு வணிகர் வரவேற்பு மன்றம் என்று ஒன்று இருந்தது. குளிர்சாதன ஹால், வாசலில் கிரானைட் படிக்கட்டு, உள்ளே தலைவர், துணைத் தலைவர்கள், இணைச் செயலாளர்கள், துணை இணைச் செயலாளர்கள். வெறும் உறுப்பினர் என்று சொல்லிக்கொள்ள ஒருத்தர்கூட இல்லை. 2007-இல் அமெரிக்க டாலர் மளமளவென்று இறங்கியபோது, மன்றம் அவசரக் கூட்டம் போட்டு, இனி பவுண்டைக் கும்பிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. பவுண்டுக்கு இதைத் தெரிவிக்க ஒரு குழுவும் லண்டன் போய் வந்தது.

நல்லூர் கிட்டுசாமிக்கும் இந்த மன்றத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. அவரிடம் இருந்தது ஒரு கறுப்பு மாரிஸ் மைனர், இங்கிலாந்தில் செய்த பழைய கார். வம்பு வந்து சேர அது போதாதா?

அந்தக் கார் சாதாரணக் கார் அல்ல. பொள்ளாச்சிப் பக்கம் எந்தப் படத்தில் கலெக்டர் துரை வந்தாலும் அதில்தான் வருவார். ஜமீன்தார் குழந்தையைக் கடத்தினாலும் அதில்தான் கடத்துவார். ஒரு டிவி தொடரில் கோபக்கார மாமனார் வெள்ளிக்கிழமைதோறும் அதிலிருந்து இறங்கி, கதவை அறைந்து சாத்துவார். அந்தச் சத்தத்தில் கிட்டுசாமியின் நெஞ்சு ஒவ்வொரு வெள்ளியும் பதறும். நல்லூர்ப் பெண்களுக்குக் கிட்டுசாமியை அடையாளம் தெரியாது, காரைத் தெரியும். “மாமனார் காரு போகுது பாரு” என்பார்கள். இத்தனை படத்திலும் கிட்டுசாமியின் நடிப்பு என்று பார்த்தால் ஸ்டீயரிங் பிடித்த இரண்டு கைகள் மட்டும்தான். அதுவும் கிளவுஸ் போட்ட கைகள்.

ஆனாலும் மனுஷனுக்கு அந்தக் கார்தான் பிழைப்பு, அந்தக் கார்தான் பெருமை. கல்யாண மாப்பிள்ளைகளை ஏற்றுவார், மற்ற நாளில் துடைப்பார். அடுத்த மாதம் பொள்ளாச்சியில் ஒரு பெரிய படம். கார்தான் கதையே என்று கம்பெனி மேனேஜர் சொல்லியிருந்தார். இந்தத் தடவை டிரைவரின் முகமும் தெரியும் என்றும் சொல்லியிருந்தார். கிட்டுசாமி மீசையை ஒழுங்கு பண்ண ஆரம்பித்திருந்தார்.

அப்போதுதான் மன்றத் தலைவர் சென்னிமலையிடமிருந்து ஆள் வந்தது. போகாமல் இருக்க முடியாது. கிட்டுசாமியின் மனைவி சித்ரகலா அவருடைய கம்பெனியில்தான் செக்கிங்கில் வேலை பார்த்தாள்.

“வாங்க கிட்டுசாமி, உக்காருங்க. காபி சாப்புடறீங்களா?” என்றார் சென்னிமலை. அவர் யாரையும் அதட்ட மாட்டார். ‘ங்க’ போட்டே ஆளைச் சாய்த்துவிடுவார். “லண்டன்ல இருந்து விட்டேக்கர்னு ஒரு பெரிய பையர் வர்றாருங்க. அங்க போயிருந்தப்ப என்னோட உக்காந்து சாப்புட்டாரு. சின்ன வயசுல டிவில ஒரு பழைய காரு பாப்பாராம், அதுன்னா உசுராம். அவரு வாயால சொன்னதுங்க. பையர் சொன்னா அது ரிக்வயர்மென்டுங்க.”

“எந்தக் காருங்க? என்ன படமுங்க?”

“அதைக் கேக்கறதுக்குள்ள ஐஸ்கிரீம் வந்துருச்சுங்க.”

“பொள்ளாச்சில சூட்டிங் இருக்குதுங்களே…”

“அதுக்குள்ள குடுத்தர்றமுங்க. உங்க காரை நாங்க என்னங்க பண்ணப்போறோம்? அவரை ஒரு ரவுண்டு ஏத்தி இறக்கறதுதானுங்க. உங்க ஊட்டம்மா நம்ம கம்பெனிலதான இருக்காங்க? நல்ல கையிங்க அது.”

இதில் மறுப்பதற்கு எந்த இடத்தில் நுழைவது என்று கிட்டுசாமிக்குத் தெரியவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுக் காபியைக் குடித்தார். காபி நன்றாகத்தான் இருந்தது.

விட்டேக்கர் சொன்ன கார் எது என்று கண்டுபிடிக்க மன்றம் ஓர் ஆய்வுக் குழு போட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலிருந்து கட்டுக் கட்டாக இங்கிலீஷ் பட டிவிடிகள் வந்தன. ஹாலில் முறுக்கும் டீயும் வைத்துக்கொண்டு குழு இரவு பகலாக ஆய்ந்தது. ஒரு படத்தில் உளவாளியின் கார் பக்கத்துச் சீட்டு ஆசாமியைக் கூரை வழியாக விட்டெறிந்தது. இன்னொன்றில் குட்டிக் கார்கள் மாடிப்படியில் திமுதிமுவென்று இறங்கின. ஒரு தொடரில் துப்பறிகிறவர் அழகான காரை நிறுத்திவிட்டு மணிக்கணக்காக யோசித்துக்கொண்டே இருந்தார். மற்றொன்றில் வண்டிக்கு மூன்றே சக்கரம்.

“ஒரு சக்கரத்தைக் கழட்டிப் பாத்தரலாமுங்களா?” என்றார் ஒரு துணை இணைச் செயலாளர்.

கிட்டுசாமி நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். நல்லவேளையாக, மூன்று சக்கரம் என்றால் ஆட்டோ என்று பையர் தப்பாக நினைத்துவிடுவார் என இன்னொருவர் ஆட்சேபித்ததால் நாலாவது சக்கரம் பிழைத்தது.

கடைசியில் ஒரு படத்தில் ஏறக்குறைய மாரிஸ் மைனர் மாதிரியே ஒரு கார் வந்தது. “நிறுத்துங்கண்ணே!” என்று கத்தினார் பாண்டித்துரை. தேனிப் பக்கத்திலிருந்து வந்து குவாலிட்டி கன்ட்ரோலில் தலை நரைத்தவர். மன்றத்தின் தரக்கட்டுப்பாட்டு அலுவலர். தன் கல்யாணப் பத்திரிகையையே இரண்டு தரம் ரிஜக்ட் செய்தவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. “இதாண்ணே சாம்பிள். இப்பிடியே ஸ்டில்லு எடுங்க.”

எடுத்தார்கள். ஹாலில் இருந்த டிவி பழையது. அதில் எல்லாமே கொஞ்சம் பாசி பிடித்த பச்சையாகத் தெரியும். டிவிடியில் கீறல் இருந்ததால் படத்தின் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடின. அதோடு, யாரோ தியேட்டரில் உட்கார்ந்து திருட்டுத்தனமாக எடுத்த படம் அது. அந்த நேரம் பார்த்து முன் வரிசையில் ஒருத்தர் ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறார். அவருடைய மண்டையின் நிழல் காரின் பின்கதவில் கனகச்சிதமாக விழுந்திருந்தது.

ஸ்டில்லைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, தலைவர் கையெழுத்திட்டு, சீல் வைத்தார்கள். அந்த நிமிஷம் முதல் அது அப்ரூவ்டு சாம்பிள் ஆகிவிட்டது.

கிட்டுசாமி அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். “ஏனுங்க, இந்தப் பச்சை டிவியோட கோளாறுங்களே?”

“இருக்கட்டுமுங்க.”

“கோடு டிவிடியோட கீறலுங்க.”

“தெரியுமுங்க.”

“இந்த மண்டை யாருதுங்க?”

சென்னிமலை பொறுமையாகச் சிரித்தார். “யாரா இருந்தா என்னங்க கிட்டுசாமி? அப்ரூவ்டு சாம்பிள்ல இருக்காரு. நாம எடுக்க முடியுங்களா?”

சாயப்பட்டறை மாஸ்டர் வந்தார். பச்சையை நாலு விதமாகக் கலந்து, சின்னச் சின்னத் தகரத் துண்டில் பூசி, நிறம் ஒப்பிடுகிற லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தார்கள். முதல் பச்சை ரொம்பச் சுத்தமாக இருப்பதாகப் பாண்டித்துரை திருப்பி அனுப்பினார். குட்டைத் தண்ணீர் மாதிரி ஒன்று வந்ததும் ஒப்புக்கொண்டார். கார் முழுக்க அதை அடித்தார்கள். கோடுகளையும் மண்டையையும் பிரிண்டிங் பட்டறைக்காரர்கள் ஸ்கிரீன் வைத்து அச்சாகப் போட்டுவிட்டார்கள். மண்டையில் ஒரு காது மட்டும் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது என்று அழித்து இன்னொரு தடவை போட்டார்கள். சீட்டுக்கெல்லாம் பனியன் துணியில் உறை தைத்தார்கள்.

கிட்டுசாமி சுவரோரமாக நின்று பார்த்தார். தன் பிள்ளைக்கு யாரோ ஊர்பேர் தெரியாதவர்கள் மொட்டையடிக்கிறதை வேடிக்கை பார்க்க நேர்ந்தவர்போல இருந்தது அவருக்கு. அழுகை வந்தது. சுற்றிலும் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்ததால் அவரும் இரண்டு தட்டுத் தட்டினார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சித்ரகலா சோற்றைப் போட்டபடியே கேட்டாள். “பச்சைன்னா எப்புடிப் பச்சைங்?”

“நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி போகுமே, அந்தப் பச்சை.”

“அதுல தினமும் ஒரு கலருதானுங்க போகுது?”

“முந்தாநாத்து போனது.”

சித்ரகலா அவருக்கு இன்னொரு கரண்டி தயிர் ஊற்றினாள்.

அடுத்தது படிக்கட்டுச் சோதனை. இங்கிலாந்துக் கார்கள் படிக்கட்டில் இறங்கும் இயல்புடையவை என்று ஆய்வுக் குழு தன் அறிக்கையில் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தது. மன்றத்தின் கிரானைட் படியில் பலகை சாய்த்துக் காரை மேலே போர்ட்டிகோவுக்கு ஏற்றினார்கள். பிறகு பலகையை எடுத்துவிட்டு இறக்கச் சொன்னார்கள். கிட்டுசாமி கண்ணை மூடிக்கொண்டு இறக்கினார். சைலன்சர் ஒரு படியிலும் பம்பர் ஒரு படியிலும் தங்கிவிட்டன. மிச்சம் முழுசாகக் கீழே வந்து சேர்ந்ததால் பாஸ் என்று எழுதினார்கள். விட்டுப்போனவற்றைக் கம்பி போட்டுக் கட்டி, மறுபடியும் மேலே ஏற்றி, அலங்காரமாக நிறுத்தினார்கள்.

விட்டேக்கர் வருகிற நாளும் வந்தது. மன்றத்துச் செயலாளர் பூபாலன் காலையிலேயே அவரைக் காங்கேயம் பக்கம் காளை பார்க்க அழைத்துப் போய்விட்டார். சாயங்காலம் திரும்பியதும் வரவேற்பு. அதற்குள் பைனல் இன்ஸ்பெக்சன் முடிய வேண்டும். கார் முன்னால் தேங்காய் உடைத்து, எல்லோரும் நெஞ்சில் கைவைத்துத் தர உறுதிமொழி எடுத்தார்கள். பிறகு தலைவர் பேசினார்.

“பெருமக்களே! ஒரு காலத்துல வெள்ளைக்காரனுக்கு நாம அடிமையா இருந்தோம். அவன் கேட்டான், நாம குடுத்தோம். இன்னைக்கு நிலைமை அப்புடி இல்லைங்க. இன்னைக்கு அவன் கேக்கறதுக்கு முன்னாலயே குடுக்கற சுதந்திரம் நமக்கு வந்திருக்குது. (கைதட்டல்.) இந்தக் காருக்கு நாம பட்ட பாட்டை நம்ம தொழிலாளிகளுக்குப் பட்டிருந்தா ஊரு எங்கியோ போயிருக்கும்னு சிலபேரு பேசிக்கறாங்க. ஊரு எங்கீங்க போறது? ஊரு இங்கதானுங்க இருக்கோணும்!”

கைதட்டல் ஓயும்போது பாண்டித்துரை முன்னால் வந்தார். கையில் ஊசி கண்டுபிடிக்கிற மெஷின். தைக்கும்போது உடைகிற ஊசி துணியில் தங்கி, குழந்தை ஒன்றைக் குத்திவிட்டால் கம்பெனியே காலி. அதனால் ஊசி பார்க்காமல் ஒரு பீஸ்கூட வெளியே போகாது.

“சீட்டு உறை தைக்கையில ஊசி ஒண்ணு ஒடஞ்சுருக்குண்ணே. ஒரு துண்டு கெடைக்கல. பாத்துருவோம்.”

மெஷினைச் சீட்டில் வைத்தார். ‘கீ’ என்றது. கதவில் வைத்தார். ‘கீ’ என்றது. பானெட், டிக்கி, கூரை, எங்கே வைத்தாலும் கீச்சிட்டது. பாண்டித்துரையின் முகம் வெளிறிவிட்டது.

“முழுக்க ஊசியா இருக்குண்ணே!”

“ஐயா, அது காருங்க. இரும்புங்க!” என்று கிட்டுசாமி கத்தினார்.

“இரும்புன்னு நமக்குத் தெரியுமுங்க,” என்றார் சென்னிமலை வருத்தத்தோடு. “மெஷினுக்குத் தெரியாதுங்களே. பையர் நம்மளை நம்ப மாட்டாருங்க, மெஷினைத்தான் நம்புவாரு.”

பாண்டித்துரை சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து மண்டை நிழலின் நெற்றியில் ஒட்டினார். ரிஜக்ட்.

கிட்டுசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரிஜக்ட் என்றால் இவர்களுக்கு வேண்டாம். வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போகலாம். கறுப்புப் பெயின்ட், புது சைலன்சர், பொள்ளாச்சி, மீசை எல்லாம் ஒரு நொடியில் கண்ணில் ஓடின. “அப்ப நான் எடுத்துட்டுப் போறனுங்க,” என்றார் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு.

“எங்கண்ணே எடுத்துட்டுப் போறது?” என்றார் பாண்டித்துரை. “ரிஜக்ட் பீஸு வெளிய போகவே கூடாது. மார்க்கெட்டுல யாராச்சும் பாத்தா பையர் பேரு கெட்டுப்போகும். குறுக்க வெட்டித்தான் வேஸ்ட்டுல போடணும். பையரோட ரூல்சுண்ணே.”

துணி என்றால் கத்திரிக்கோல். காருக்கு என்ன செய்வது என்ற சிக்கலை மன்றம் ஐந்தே நிமிஷத்தில் தீர்த்தது. எப்போதும் மாதக்கணக்கில் யோசிக்கிற மன்றம் அது. பக்கத்து ஒர்க் ஷாப்பிலிருந்து கேஸ் கட்டிங் ஆள் சிலிண்டரோடு வந்து, நெருப்பைப் பற்றவைத்து, நீலமாகச் சீறவிட்டு, “நீளவாக்குலயா, குறுக்கயாங்க?” என்று கேட்டார்.

கிட்டுசாமி வாழ்க்கையில் யாரையும் எதிர்த்துப் பேசியவர் அல்ல. அன்றும் பேசவில்லை. “உள்ள சாமி படம் இருக்குதுங்க, எடுத்துக்கறன்,” என்று கைகூப்பிவிட்டு உள்ளே ஏறினார். கதவைப் பூட்டினார். வண்டியிலேயே இருந்த சாவியைத் திருகி செல்ஃப் அடித்தார். பேட்டரி கிழடு; கார் இருமியது, கிளம்பவில்லை. இன்னொரு தடவை அடித்தார். நீலத் தீ கண்ணாடிப் பக்கம் வந்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டார். கார் தானாகவே உருண்டு படிக்கட்டில் தடதடவென்று இறங்கியது. கீழே வந்ததும் இரண்டாவது கியரில் போட்டார். கம்பியில் கட்டிய சைலன்சர் கழன்று விழ, இடி இடிக்கிற சத்தத்தோடு இன்ஜின் பிடித்துக்கொண்டது.

“ரிஜக்ட் பீஸு வெளிய போகுது! புடிங்கண்ணே!” என்று அலறினார் பாண்டித்துரை.

ஸ்கார்ப்பியோக்களும் இன்னோவாக்களும் கிளம்பின. கேஸ் கட்டிங் ஆள் அணைக்க மறந்த தீயோடு டெம்போவில் தாவி ஏறினார். வரவேற்புக்கு வந்திருந்த செண்டை மேளக்காரர்கள், இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்ததோ என்று ஒரு வேனில் ஏறிக் கொட்டிக்கொண்டே பின்தொடர்ந்தார்கள். கிட்டுசாமி சந்துகளில் புகுந்து, ஒரு பட்டறை முன்னால் காயப்போட்டிருந்த டிராயர் பாடியெல்லாம் பானெட்டில் ஏந்திக்கொண்டு காங்கேயம் ரோட்டில் ஏறினார். நல்லூர் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்துப் புகை வந்து கார் நின்றுவிட்டது. எதிரே வந்த இன்னோவாவும் நின்றது. அதிலிருந்து பூபாலன் இறங்கினார். பின்னாலேயே ஆறடி உயரத்தில் விட்டேக்கர்.

விட்டேக்கர் பார்த்தார். முன்னால் புகைந்துகொண்டு ஒரு பழைய இங்கிலாந்துக் கார், உள்ளே வெலவெலத்துப்போன ஒரு மீசைக்காரர். பின்னால் ஊர்வலமாகப் பெரிய பெரிய வண்டிகள், மேளம், தீ. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூபாலனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ மளமளவென்று சொன்னார்.

அதற்குள் வந்து சேர்ந்த தலைவரிடம் பூபாலன் மொழிபெயர்த்தார். “சின்ன வயசுல டிவில இதேதான் பாப்பாருங்களாம். பழைய காரு முன்னால ஓடுமாம், ஊரே பின்னால தொரத்துமாம். அதை அப்புடியே நடத்திக் காட்டீட்டீங்கன்னு அசந்துட்டாருங்க. அந்தக் கதவுல இருக்கற மண்டை யாருன்னு கேக்கறாருங்க.”

சென்னிமலை மூச்சு வாங்கிக்கொண்டே காரைப் பார்த்தார், கிட்டுசாமியைப் பார்த்தார், தீயைப் பார்த்தார். பிறகு மாலையை எடுத்து விட்டேக்கர் கழுத்தில் போட்டார். “எல்லாம் மன்றத்தோட ஏற்பாடுதானுங்கன்னு சொல்லுங்க. மண்டை நம்ம ஸ்தாபகத் தலைவருதுன்னு சொல்லுங்க.”

விட்டேக்கர் மண்டைக்கு ஒரு வணக்கம் வைத்தார். அப்புறம் கிட்டுசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிட்டுசாமியின் கை நடுங்கிக்கொண்டேயிருந்ததால் அவர் தனியாகக் குலுக்க வேண்டியிருக்கவில்லை. வெட்டுகிற பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை. கார் கயிறு கட்டி இழுக்கப்பட்டு நல்லூர் வந்து சேர்ந்தது. சித்ரகலா ஆரத்தி எடுத்தாள், முதலில் காருக்கு.

கறுப்புப் பெயின்ட் வாங்கி வைத்துக்கொண்டு கிட்டுசாமி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போன அன்றைக்கு மன்றத்திலிருந்து மறுபடியும் ஆள் வந்தது. போனார். சென்னிமலை காபி சொன்னார்.

“பெயின்டை மாத்தீராதீங்க. பையர் பாத்து ஓகே பண்ணினது அதுதானுங்க.”

“பொள்ளாச்சிக்குக் கறுப்பு வேணுமுங்களே…”

“பொள்ளாச்சியை விடுங்க. அந்த மேனேஜருகிட்ட நானே பேசிட்டனுங்க, வேற காரு பாத்துக்கறேன்னுட்டாரு. இப்ப உங்க ரேஞ்சே வேறீங்க. விட்டேக்கரு போயி நாலு பேருகிட்ட சொல்லிட்டாரு. அடுத்த புதன்கிழமை இன்னொருத்தரு வர்றாரு. போன தடவை நடந்ததுதான் இனிமே அப்ரூவ்டு சாம்பிள்னு தீர்மானம் போட்டாச்சு. அதே படிக்கட்டுல இறங்கறீங்க, அதே டிராயரை மாட்டிக்கறீங்க, அதே எடத்துல புகை வருது. நாங்க தொரத்தறம்.”

கிட்டுசாமி மீசையைத் தடவிப் பார்த்தார். அந்த மீசையை இனி யாருக்காக வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது.

“அந்தக் கேஸ் கட்டிங்காரரும் வருவாருங்களா?”

“வராம எப்புடீங்க? சாம்பிள்ல இருக்காருல்லீங்க. தீயைப் பத்தவெச்சபடியேதான் வருவாரு.”

“புடிச்சுட்டீங்கன்னா?”

சென்னிமலை யோசித்தார். இந்தக் கேள்வி கூட்டத்தில் வரவில்லை. பாண்டித்துரையைத் திரும்பிப் பார்த்தார்.

பாண்டித்துரை நல்ல மனிதர். கிட்டுசாமியின் தோளில் ஆதரவாகக் கைபோட்டார். “புடிக்க மாட்டோம்ணே, கவலைப்படாதீக. புடிச்சா அது சாம்பிளுக்கு மாறுபாடாயிரும். ஆனா ஒண்ணு, சிக்கிட்டீகன்னா நான் ஒண்ணும் செய்யிறதுக்கில்ல. ரிஜக்ட் ஸ்டிக்கரு இன்னும் அதுலதாண்ணே இருக்கு. வெட்டித்தான் ஆகணும்.”

கிட்டுசாமி காபியைக் குடித்து முடித்துவிட்டு, நேராகக் கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கினார்.